பதினேழு வயது மகள் ட்ராக் சைக்கிளிங்கை நம்பி இறங்கலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் மகளுக்கு 17 வயது. இரண்டு ஆண்டுகளாக வெலோட்ரோமில், அதாவது சரிந்த வளைவுகள் உள்ள சைக்கிள் பந்தயத் தடத்தில், ஓட்டுகிறாள், ஜூனியர் போட்டிகளில் பதக்கமும் வாங்கியிருக்கிறாள். சாலைப் பந்தயங்களை அடியோடு விட்டுவிட்டு குறுந்தூர வேகப் பந்தயமான ஸ்பிரிண்ட் குழுவில் சேரச் சொல்கிறார் பயிற்சியாளர். "இதை வைத்து வாழ முடியுமா, எத்தனை வயது வரை ஓட்டலாம்?" என்பது நீங்கள் எழுதிய கேள்வி. எழுதாமல் விட்ட கேள்வி ஒன்றும் அதற்குள் இருக்கிறது: இப்போதே சரி என்று சொல்லிவிட்டால் எது கைவிட்டுப் போகும்? எனக்கு அந்த இரண்டாவது கேள்விதான் பெரிதாகப் படுகிறது.

நான் பதினோரு ஆண்டுகள், நால்வர் அணியாக 4 கிலோமீட்டர் ஓட்டும் டீம் பர்சூட் ஓட்டியவன். அதன்பின் பதினான்கு ஆண்டுகளாக இளையோருக்குப் பயிற்சி தருகிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் மகள் ஓட்டி நான் பார்த்ததும் இல்லை. அதனால் அவள் எவ்வளவு தூரம் போவாள் என்று சொல்வது என் வேலை இல்லை. இந்தத் தொழிலுக்குள் வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் பணம், ஏனென்றால் அதில் சந்தேகமே கிடையாது. ட்ராக்கில் ஜெயித்து வரும் பரிசுப் பணத்தில் குடும்பம் நடத்துபவர்கள் உலகத்திலேயே மிகக் கொஞ்சம் பேர். மற்றவர்களுக்குச் சோறு போடுவது அவரவர் நாட்டின் தேசிய அணித் திட்டம். அதற்குள் இருந்தால் முந்தைய ஆண்டின் முடிவுகளைப் பார்த்து உதவித்தொகை தருவார்கள். சைக்கிள், சக்கரம், பயணம், பிசியோ எல்லாம் அவர்கள் பொறுப்பு. சில நாடுகளில் காவல்துறையிலோ ராணுவத்திலோ வேலை கொடுத்து, சம்பளத்தோடு பயிற்சி செய்ய விடுவார்கள். ஜெர்மனியின் கிறிஸ்டினா ஃபோகல் கூட்டாட்சிக் காவல்துறையில் இருந்துகொண்டுதான் இரண்டு ஒலிம்பிக் தங்கமும் பதினொரு உலகப் பட்டங்களும் வென்றார். திட்டத்துக்கு வெளியே போய்விட்டால் இவை எல்லாமே ஒரே நாளில் நின்றுவிடும். அந்தச் சைக்கிள்கூட உங்களுடையது இல்லை, திருப்பிக் கொடுக்க வேண்டும். என்னை அணியிலிருந்து எடுத்தபோது ஒரு பக்கக் கடிதம் வந்தது. கடிதத்தின் பாதி, எந்தச் சக்கரங்களை எப்போது ஒப்படைக்க வேண்டும் என்ற பட்டியல். அப்போது எனக்கு 29 வயது, கையில் வேறு தொழில் எதுவும் இல்லை.

எப்போதுமே இப்படி இருந்ததில்லை. 1899ல் மாண்ட்ரியலில் உலக ஸ்பிரிண்ட் பட்டம் வென்ற மேஜர் டெய்லர் என்ற கறுப்பின அமெரிக்கரின் காலத்தில், ட்ராக் பெரும் பணம் புழங்கிய விளையாட்டு. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆறு நாள் பந்தயங்கள் நடந்தன. ஒரே ஆள் தூக்கமில்லாமல் ஆறு நாளும் மிதித்துச் சுருண்டு விழுவதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. ஒருவர் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று சட்டம் வந்தபோது, இருவர் இருவராக மாறிமாறி ஓட்டும் முறையைக் கண்டுபிடித்தார்கள். இன்று ஒலிம்பிக்கில் பார்க்கும் மேடிசன் பந்தயத்துக்குப் பெயர் வந்தது அந்த அரங்கத்திலிருந்துதான். பிறகு ஐரோப்பாவில் குளிர்கால ஆறு நாள் பந்தயங்கள் ஒரு முழுத் தொழிலாகவே இருந்தன. பெல்ஜியத்தின் பாட்ரிக் செர்க்கு மட்டும் 88 பந்தயங்கள் வென்றார். இப்போது அந்தச் சுற்று தேய்ந்துபோய், பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துப் பந்தயம் போல விரல்விட்டு எண்ணக்கூடியவையே மிச்சம். 2021ல் ட்ராக்குக்கென்று சாம்பியன்ஸ் லீக் ஒன்று தொடங்கினார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமான பரிசு, தொலைக்காட்சி, ஒளி அலங்காரம் எல்லாம் இருந்தது. உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். 2024 சீசனோடு அது நின்றுபோனது. அதை நம்பித் திட்டம் போட்டிருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு பெரிய விதிவிலக்கு ஜப்பானின் கெய்ரின், முன்னால் ஓடும் முன்னோடியின் பின்னால் ஓட்டி, அவர் விலகியதும் கடைசிச் சுற்றுகளில் முந்தும் பந்தயம். 1948ல் கொகுராவில் பந்தயச் சூதாட்டமாகத் தொடங்கியது. இன்று 2000 பேருக்கு மேல் அதில் தொழில்முறை ஓட்டுநர்கள். அதற்கென்றே ஒரு பள்ளி இருக்கிறது, ஏறக்குறைய ஒரு வருடம் அங்கேயே தங்கிப் படித்துத் தேறினால்தான் உரிமம். ஐம்பது வயதைத் தாண்டியும் ஓட்டுபவர்கள் உண்டு. பெண்கள் கெய்ரின் இடையில் நின்றுபோய் 2012ல் மறுபடியும் தொடங்கியது. வெளிநாட்டவரில் உலகத் தரத்தில் இருக்கும் சிலரைக் குறுகிய காலத்துக்கு அழைப்பார்கள், நல்ல வருமானம் கிடைக்கும். ஆனால் அந்த அழைப்பு உலகப் பதக்கத்துக்குப் பிறகு வருவது. 17 வயதில் கணக்கில் சேர்க்க வேண்டிய விஷயம் இல்லை.

இனி உங்கள் மகள் நிற்கும் இடத்துக்கு வருகிறேன். ட்ராக் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இரண்டு தொழில்கள் இருக்கின்றன. ஸ்பிரிண்ட் பக்கம் தனிநபர் ஸ்பிரிண்ட், கெய்ரின், டீம் ஸ்பிரிண்ட். எண்டூரன்ஸ், அதாவது நீடித்த ஓட்டத்தின் பக்கம் டீம் பர்சூட், பல பந்தயங்களின் புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கும் ஓம்னியம், மேடிசன். இரண்டும் அதே 250 மீட்டர் மரப்பாதையில், பிரேக் இல்லாத, ஒரே கியர் உள்ள சைக்கிளில் நடப்பவைதான். உடம்பைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இடையே இருப்பது, நூறு மீட்டர் ஓட்டத்துக்கும் பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்துக்கும் உள்ள தூரம். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் ஹாரி லாவ்ரெய்சன் ஸ்பிரிண்ட் தகுதிச் சுற்றில், முன்பே வேகம் பிடித்து ஓட்டும் 200 மீட்டரை 9.088 நொடியில் கடந்தார், மணிக்கு 79 கிலோமீட்டர். அதே பலகைகள் மேல் ஆஸ்திரேலிய ஆண்கள் அணி, நின்ற இடத்திலிருந்து கிளம்பி, 4 கிலோமீட்டரை 3 நிமிடம் 40.730 நொடியில் முடித்தது. சராசரி 65 கிலோமீட்டர். முதலாமவர் பளு தூக்கி வளர்த்த தொடைகளோடு வருகிறார். பின்னவர்கள் வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் சாலையில் மிதித்து வருகிறார்கள்.

வருமானத்தில் பிரிவது இங்கேதான். எண்டூரன்ஸ் ஓட்டுநருக்குச் சாலை என்ற இன்னொரு தொழில் கூடவே இருக்கிறது. அங்கே அணிகள் ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் தருகின்றன. பெல்ஜியத்தின் லோட்டே கொப்பெக்கி 2023ல் கிளாஸ்கோவில், கடைசியில் வருபவர் ஒவ்வொருவராக வெளியேறும் எலிமினேஷன், இடையிடையே புள்ளி சேர்க்கும் பாயின்ட்ஸ் இரண்டிலும் ட்ராக் பட்டம் வென்று, சில நாளிலேயே சாலை உலகப் பட்டத்தையும் எடுத்தார். அமெரிக்காவின் கிறிஸ்டன் ஃபாக்னர் பாரிஸில் சாலைப் பந்தயத் தங்கம் வென்ற மூன்றாம் நாள் டீம் பர்சூட்டிலும் தங்கம் வென்றார். பிரிட்டனின் பிராட்லி விக்கின்ஸ் 2004லும் 2008லும் தனிநபர் பர்சூட் ஒலிம்பிக் சாம்பியன், 2012ல் டூர் டி பிரான்ஸ் வெற்றியாளர், 2016ல் மறுபடியும் டீம் பர்சூட் தங்கம். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நம் ஊரில் குறை சொல்வோமே, எண்டூரன்ஸில் அதுதான் பிழைக்கும் வழி. ஸ்பிரிண்டருக்கு அந்த இரண்டாவது கால் கிடையாது. அவளுக்குத் தேசிய அணி, இல்லாவிட்டால் ஜப்பான், அதுவும் இல்லாவிட்டால் வேறு வேலை. உங்கள் பயிற்சியாளர் சொல்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. அவர் உங்கள் மகளின் 200 மீட்டர் நேரத்தைப் பார்த்துப் பேசுகிறார், அவர் வேலை அது. நீங்கள் பார்க்க வேண்டியது, சாலையை விட்டால் விட்டுப்போகும் அந்தச் சம்பளத்தை.

அப்படியானால் ஸ்பிரிண்டைத் தள்ளிப்போட்டால் காலம் கடந்துவிடுமா? இதில் பெற்றோர்களை வீணாகப் பயமுறுத்துகிறார்கள் என்பது என் கருத்து. கனடாவின் கெல்சி மிட்செல் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தவர். 2017ல் ஒரு திறன் தேடல் முகாமில் அவருடைய கால் பலம் கண்ணில் பட்டு சைக்கிளுக்கு வந்தார். 2021ல் டோக்கியோவில் ஸ்பிரிண்ட் தங்கம். நியூசிலாந்தின் எல்லெஸ் ஆண்ட்ரூஸ் 2017ல் ஜூனியர் தனிநபர் பர்சூட்டில் உலகச் சாம்பியன், அதாவது முழு எண்டூரன்ஸ் பிள்ளை. பின்னர் ஸ்பிரிண்டுக்கு மாறி 2021ல் கெய்ரின் வெள்ளி, 2024ல் ஸ்பிரிண்ட், கெய்ரின் இரண்டிலும் தங்கம். லாவ்ரெய்சனும் மண்மேடுகள் மேல் பாய்ந்து ஓட்டும் பிஎம்எக்ஸ் சைக்கிள் பந்தயத்திலிருந்து வந்தவர். இரண்டு மூன்று ஆண்டு தாமதம் ஸ்பிரிண்டைக் கெடுப்பதில்லை என்று இவர்களைக் காட்டிச் சொல்லலாம். எதிர்த்திசையில் போவது கடினம். எடை ஏற்றி, உச்ச பலத்துக்காக உடம்பைச் செதுக்கிய பிறகு மலைச் சாலைக்குத் திரும்பிப் போட்டி போட்டவர்கள் உண்டு, நான் பார்த்தவரை அபூர்வம். இது அறிவியல் தீர்ப்பு இல்லை, ஒரு பயிற்சியாளனின் அனுபவம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இடங்களின் எண்ணிக்கையையும் யோசித்துப் பாருங்கள். பாரிஸில் பெண்கள் டீம் ஸ்பிரிண்டுக்கு உலகம் முழுவதிலிருந்தும் 8 அணிகள், அணிக்கு மூன்று பேர். டீம் பர்சூட்டுக்கு 10 அணிகள், அணிக்கு நால்வர். தனிநபர் ஸ்பிரிண்டில் ஒரு நாட்டுக்கு அதிகபட்சம் இரண்டு பேர். வலுவான நாட்டில் பிறந்தால் உலகத்தில் ஐந்தாவது வேகமானவளாக இருந்தும் வீட்டிலிருந்து டிவி பார்க்க நேரலாம். வலுவில்லாத நாட்டில் பிறந்தால் இடம் கிடைப்பது எளிது, பயிற்சிக்கு நல்ல மரப்பாதையே இருக்காது. நான் பயிற்சி கொடுத்த ஒரு பெண் தேர்வு ஓட்டத்தில் அடுத்தவளைவிட பத்தில் ஒரு நொடிக்கும் குறைவான வித்தியாசத்தில் பின்தங்கினாள். அவளுடைய நான்கு ஆண்டு உழைப்பும் அடுத்த ஆண்டு வருமானமும் அதற்குள் போய்விட்டன. தேர்வு நியாயமாகத்தான் நடந்தது. அதனாலேயே யாரிடமும் போய்ச் சண்டை போடவும் முடியவில்லை.

இன்னொன்று, விதிகள் மாறும். பிரிட்டனின் கிறிஸ் ஹோய் 2004 ஒலிம்பிக்கில், தனியாக நேரத்தை எதிர்த்து ஓட்டும் ஒரு கிலோமீட்டர் டைம் ட்ரயலில் தங்கம் வென்றார். அடுத்த ஒலிம்பிக்கிலிருந்து அந்தப் பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். அவர் கெய்ரினும் ஸ்பிரிண்டும் கற்றுக்கொண்டு 2008ல் மூன்று தங்கம் வாங்கினார். எல்லோராலும் அது முடியவில்லை. 2012க்கு முன் தனிநபர் பர்சூட், பாயின்ட்ஸ், மேடிசன் மூன்றும் ஒலிம்பிக்கிலிருந்து போயின. மேடிசன் மட்டும் டோக்கியோவில் திரும்பி வந்தது, அப்போதுதான் முதன்முறையாகப் பெண்களுக்கும். பெண்கள் டீம் ஸ்பிரிண்ட் டோக்கியோ வரை இருவர் அணி, பாரிஸில் மூவர் அணி. அந்த ஒரு மாற்றம் எத்தனை பெண்களுக்கு வேலை கொடுத்தது என்பதை அணிக்குள் இருந்தவர்கள் அறிவார்கள். 2025லிருந்து பெண்களின் தனிநபர் பர்சூட் 3 கிலோமீட்டரிலிருந்து 4 ஆகவும், டைம் ட்ரயல் 500 மீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டராகவும் நீண்டிருக்கின்றன. ஒரே ஒரு பந்தயத்துக்காக மட்டும் மகளை வார்த்தெடுக்க யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அன்றாடம் எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஸ்பிரிண்டரின் பயிற்சி சோம்பேறித்தனமாகத் தெரியும். மூன்று மணி நேரம் ட்ராக்கில் இருந்தால் முழு வேகத்தில் ஓட்டுவது ஐந்தாறு தடவை, ஒவ்வொன்றும் பத்து முதல் முப்பது நொடி. நடுவில் இருபது முப்பது நிமிடம் பிளாஸ்டிக் நாற்காலியில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மெக்கானிக் பல்சக்கரம் மாற்றுவார். இப்போதெல்லாம் முன்பக்கம் 60 பல்லுக்கு மேல் போடுகிறார்கள், அதை நின்ற இடத்திலிருந்து உருட்டுவதற்கு வேண்டிய பலம் ஜிம்மில்தான் வரும். நீண்ட ஒரு முயற்சிக்குப் பிறகு இறங்கி நேராகக் குப்பைத்தொட்டிக்குப் போய் வாந்தி எடுப்பது வாரத்தில் ஒரு நாளாவது நடக்கும். எண்டூரன்ஸ் பிள்ளைகளின் களைப்பு வேறு மாதிரி, மெதுவாக ஏறி வாரக்கணக்கில் தங்கிவிடும். அங்கே நான் கவலைப்படுவது சாப்பாட்டைப் பற்றி. உழைப்புக்கு ஏற்ற உணவு இல்லாமல் எடையைக் குறைத்துக்கொண்டே போகும் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகும், எலும்பும் பலம் இழக்கும். மாதவிடாய் நின்றால் "கடுமையாகப் பயிற்சி செய்கிறாள், அப்படித்தான் இருக்கும்" என்று எந்தப் பயிற்சியாளர் சொன்னாலும் கேட்காதீர்கள். விளையாட்டு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

ஜூனியரைத் தாண்டிய மேல்மட்டத்தில் பரிசோதனைப் பட்டியலில் பெயர் சேர்ந்தால், ஊக்கமருந்துச் சோதனைக்காகத் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பாள் என்று முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று முறை தவறினால் அதுவே குற்றம், மருந்து எதுவும் எடுத்திருக்க வேண்டியதில்லை. இருபது வயதுப் பிள்ளைக்கு அது பெரிய பாரம்.

விழுவதைப் பற்றி மறைத்துப் பேச மாட்டேன். வளைவுகள் ஏறத்தாழ 42 பாகைக்கு மேல் சரிந்திருக்கும். விழுந்தால் தோல் உரிவதும் தோள்பட்டை எலும்பு உடைவதும் சாதாரணம். மலேசியாவின் அஜிசுல்ஹஸ்னி அவாங் 2011ல் மான்செஸ்டரில் விழுந்தபோது மரச் சிம்பு ஒன்று கெண்டைக்காலுக்குள் ஊடுருவி மறுபக்கம் வந்தது. அதோடே எழுந்து ஓட்டி மூன்றாவதாக முடித்தார், 2017ல் கெய்ரின் உலகச் சாம்பியனும் ஆனார். ஆஸ்திரேலியாவின் அன்னா மீர்ஸ் 2008 ஜனவரியில் கழுத்து முள்ளெலும்பை முறித்துக்கொண்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் பெய்ஜிங்கில் வெள்ளி வென்றார். இந்த இரண்டு கதைகளையும் எல்லோரும் சொல்வார்கள். கிறிஸ்டினா ஃபோகல் 2018 ஜூனில் காட்பஸில் ஒரு பயிற்சியின்போது இன்னொருவர் மேல் மோதி, மார்புக்குக் கீழே உணர்விழந்தார். அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அவ்வளவு கடுமையான விபத்து அரிதுதான். ஆனாலும் பயிற்சி நேரத்தில் பாதைக்குள் யார் எப்போது நுழையலாம் என்பதில் கண்டிப்பு உள்ள வெலோட்ரோமா என்று ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

எத்தனை வயது வரை? மேல்மட்டத்தில் முப்பதுகளின் நடுப்பகுதி வரை என்று சொல்லலாம். ஹோய் கடைசித் தங்கம் வாங்கும்போது 36 வயது, பிரிட்டனின் ஜேசன் கென்னி டோக்கியோ கெய்ரினை வெல்லும்போது 33. இவர்கள் உச்சியில் இருந்தவர்கள். பெரும்பாலோருடைய தொழில் ஒலிம்பிக் சுழற்சியில்தான் முடியும், ஏனென்றால் உதவித்தொகை முடிவாவது அந்தச் சுழற்சியில். 24 அல்லது 28 வயதில், ஒரு ஒலிம்பிக் முடிந்த குளிர்காலத்தில், இடம் இல்லை என்று ஆகிவிடும். காயத்தால் போனவர்களைவிட அப்படிப் போனவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பிறகு என்ன என்பதற்கு நல்ல உதாரணங்களும் உண்டு. கென்னி ஓய்வு பெற்ற கையோடு பிரிட்டனின் ஸ்பிரிண்ட் பயிற்சியாளர் ஆனார். பிரிட்டனின் ட்ராக் ஓட்டுநர் டான் பிகம் பொறியாளரும்கூட. காற்றியக்கக் கணக்கை வைத்து 2022ல், ஒரு மணி நேரத்தில் ஓட்டும் தூரத்துக்கான உலக சாதனையை 55.548 கிலோமீட்டர் ஆக்கினார். அதே ஆண்டு அவர் வேலை பார்த்த அணியின் ஃபிலிப்போ கன்னா அதை 56.792 ஆக உயர்த்தியபோது, பின்னால் நின்ற பொறியாளர்களில் பிகமும் ஒருவர். பாரிஸில் டீம் பர்சூட் வெள்ளியும் வாங்கினார். படிப்பு அவர் வேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. ஸ்பிரிண்ட் பயிற்சியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பட்டப்படிப்பை முடித்த பிள்ளைகள் என் குழுவிலேயே இருக்கிறார்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த ஆண்டு எதையும் முழுதாக விட மாட்டேன். 19 வயது வரை சாலையையும் ட்ராக்கையும் சேர்த்தே ஓட்டட்டும், ஜிம்மில் சரியான முறையைக் கற்றுக்கொள்ளட்டும், பள்ளிப் படிப்பு நிற்கக்கூடாது. பயிற்சியாளரிடம் போய், கடந்த பத்து ஆண்டில் அவர் ஸ்பிரிண்டுக்கு மாற்றிய பிள்ளைகள் இன்று என்ன செய்கிறார்கள் என்று பெயர் பெயராகக் கேளுங்கள். தேசிய அணிக்குள் போனவர்களைப் பற்றி மட்டும் சொன்னால், மற்றவர்கள் எங்கே என்று மறுபடியும் கேளுங்கள். 200 மீட்டர் நேரத்தோடு நான்கு நிமிட முயற்சியில் மிதிக்கும் சக்தியின் வாட் அளவையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு வரிசை எண்களும் கையில் இருந்தால் 19 வயதில் எந்தப் பக்கம் என்பதை ஊகிக்க வேண்டியிருக்காது. அந்த எண்களோடு அப்போது மறுபடியும் எழுதுங்கள், கட்டாயம் பதில் தருகிறேன்.